ரூபெல்லா முதல் மினி பஸ் வரை: லத்தீன் சிவப்புகளின் ஆங்கில வாரிசுகள்

குழந்தையின் தடுப்பூசி அட்டையில் ஒன்பதாவது மாதத்துக்கு நேராக 'எம்ஆர்' என்று இருக்கும். மீசில்ஸ், ரூபெல்லா. இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஊசி. 2017 பிப்ரவரியில் தமிழ்நாடு, புதுச்சேரி, கர்நாடகம், கோவா, லட்சத்தீவு ஆகிய இடங்களில் ஒன்பது மாதம் முதல் 15 வயதுக்குட்பட்ட எல்லாக் குழந்தைகளுக்கும் இதைப் போட ஆரம்பித்தபோதுதான் 'ரூபெல்லா' என்ற பெயர் நம் வீடுகளுக்குள் பரவலாக நுழைந்தது. மீசில்ஸ் என்றால் தட்டம்மை, சரி. ரூபெல்லா? இணையத்தில் தேடினால் 'ரூபியோலா' என்று இன்னொன்று வந்து நிற்கிறது. ஒரு பக்கம் அதைத் தட்டம்மை என்கிறது; இன்னொரு பக்கம் அதுவேதான் ரூபெல்லா என்கிறது.

மருத்துவர் இந்தக் குழப்பத்தைப் பாதிதான் தீர்க்க முடியும். மீதி லத்தீனில் இருக்கிறது. லத்தீனில் சிவப்புக்கு ஒரு சொல் இல்லை, ஒரு கூட்டமே இருந்தது. அவற்றில் பல வெறும் நிறத்தைச் சொன்னவை அல்ல. மண், முடி, ஈயம், பூச்சி, பழம் என்று ஏதாவது ஒரு பொருளில் ஒட்டிக்கொண்டிருந்தவை. ஆங்கிலத்துக்குள் வந்தபோது பலவற்றில் நிறம் கழன்று விழுந்துவிட்டது, பொருள் மட்டும் தங்கியது. அதனால்தான் ரூபிடியம் என்ற உலோகம் வெள்ளி நிறத்தில் இருக்கிறது. இரத்தத்தில் பிலிரூபின் ஏறினால் கண் மஞ்சளாகிறது.

'ரெட்' லத்தீன் சொல் இல்லை

முதலில் இதைச் சொல்லிவிட வேண்டும். ஆங்கிலத்தின் 'ரெட்' லத்தீனிலிருந்து வரவில்லை. அது ஜெர்மானியக் குடும்பத்துச் சொல். லத்தீனில் சிவப்புக்கு உள்ள பொதுச் சொல்லான 'ருபெர்' அதற்குத் தாய் இல்லை, பெரியம்மா முறை. இரண்டும் இந்தோ-ஐரோப்பிய மூலமொழி என்று அறிஞர்கள் கணித்துச் சொல்லும் ஒரு பழைய மொழியின் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. அந்த வேர் ஏறக்குறைய 'ருத்'. கடைசி ஒலி, சமஸ்கிருதத் தகர வரிசையில் நான்காவதாக வருமே, அந்த மூச்சோடு சொல்லும் ஒலி. அது ஒவ்வொரு மொழியிலும் ஒவ்வொரு மாதிரி திரிந்தது.

1. சமஸ்கிருதம்: 'ருதிர' என்றால் இரத்தம். 'ரோஹித', 'லோஹித' என்றால் சிவந்தது.
2. கிரேக்கம்: 'எரித்ரோஸ்'. இரத்தச் சிவப்பணுவை மருத்துவர்கள் எரித்ரோசைட் என்பது இதனால்.
3. ஆங்கிலம்: கடைசியில் 'ட்'. ரெட். இரும்பில் பிடிக்கும் துருவுக்கான 'ரஸ்ட்' என்ற சொல்லும் இதே வேர்தான்.
4. லத்தீன்: அந்த இடத்தில் 'பாட்டு' என்பதன் 'ப' இல்லை, 'பலம்' என்பதன் 'ப'. ருபெர்.

நான்காவது மட்டும் கொஞ்சம் விசித்திரமாகத் தெரியும். தகரம் எப்படிப் பகரம் ஆகும்? லத்தீனில் அது வழக்கம்தான். தாடிக்கு ஆங்கிலத்தில் 'பியர்ட்', லத்தீனில் 'பார்பா'. முடிவெட்டும் கடைக்குப் பார்பர் ஷாப் என்று பெயர் வந்தது அந்த லத்தீன் தாடியால். சொல்லுக்கு ஆங்கிலத்தில் 'வேர்ட்', லத்தீனில் 'வெர்பும்'. இலக்கண வகுப்பில் வரும் 'வெர்ப்' அதிலிருந்து வந்தது. பியர்ட்–பார்பா, வேர்ட்–வெர்பும், ரெட்–ருபெர். மூன்று இடத்திலும் ஒரே திரிபு.

தமிழ் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததல்ல. செம்மை, செவ்வாய், செக்கர் எல்லாம் நம் சொந்த வேர். ஆனால் சமஸ்கிருதம் வழியாக இந்தச் சிவப்பு வேரின் சில துளிகள் நம்மிடமும் வந்து சேர்ந்திருக்கின்றன. 'ருதிர' நம் வாயில் 'உதிரம்' ஆனது. ரோகிணி நட்சத்திரத்தின் பெயருக்குச் 'சிவந்தவள்' என்று பொருள். வானத்தில் பார்த்தால் அது உண்மையிலேயே செம்மஞ்சளாகத்தான் மின்னும். 'உலோகம்' சமஸ்கிருத 'லோஹ'விலிருந்து வந்தது. அது முதலில் குறித்தது செம்பை, அதாவது சிவந்த உலோகத்தை. ஆக, உதிரமும் ரூபியும் தூரத்து உறவினர்கள். இதை வைத்துக்கொண்டு ரோமாபுரிக்கே தமிழன்தான் பேசக் கற்றுக்கொடுத்தான் என்று யாரும் ஃபார்வர்டு அனுப்ப வேண்டாம். கடன் வாங்கிய பாதை அப்படியே கண்ணுக்குத் தெரிகிறது.

ரோமானியரிடம் எத்தனை சிவப்பு?

இந்தக் கேள்வியை ரோமானியர்களே கேட்டுக்கொண்டார்கள். இரண்டாம் நூற்றாண்டில் ஆலஸ் ஜெல்லியஸ் என்ற ரோமானிய எழுத்தாளர் ஒரு காட்சியை எழுதி வைத்திருக்கிறார். கால் நோவால் படுத்திருக்கிறார் ஃப்ரோன்டோ. ரோமின் உயர்ந்த ஆட்சிப் பதவியான கான்சலாக இருந்தவர், பெரிய பேச்சாளர். அவரைப் பார்க்கத் தத்துவவாதி ஃபவோரினுஸ் வருகிறார். பேச்சு நிறங்களுக்குப் போகிறது. 'கண்ணுக்குத் தெரியும் நிறங்கள் எத்தனையோ, சொற்கள்தான் போதவில்லை. நெருப்பின் சிவப்பு வேறு, இரத்தத்தின் சிவப்பு வேறு, குங்குமப்பூவின் சிவப்பு வேறு, நாம் எல்லாவற்றுக்கும் ஒரே சொல்லைப் போடுகிறோம்' என்கிற மாதிரி ஃபவோரினுஸ் குறைப்படுகிறார். ஃப்ரோன்டோ விடவில்லை. நீங்கள் சொன்ன 'ரூஃபுஸ்', 'ருபெர்' இரண்டோடு முடியவில்லை என்று சொல்லி மேலும் ஏழு சொற்களை அடுக்குகிறார்: ஃபுல்வுஸ், ஃப்ளாவுஸ், ருபிதுஸ், பொய்னிகெயுஸ், ருட்டிலுஸ், லூட்டெயுஸ், ஸ்பாதிக்ஸ்.

பட்டியலைப் பார்த்தால் நமக்கு ஒன்று உறுத்தும். ஃப்ளாவுஸ் என்பது மஞ்சள் ஆயிற்றே! பி2 வைட்டமினான ரைபோஃப்ளேவினில் இருக்கும் 'ஃப்ளேவின்' அதுதான், மாத்திரையும் மஞ்சள்தான். ஃப்ரோன்டோவுக்கு அதுவும் சிவப்பின் வகை. நாம் மட்டும் என்ன, பொன்னைச் செம்பொன் என்கிறோம், ஆரஞ்சு நிறத்து இளநீரைச் செவ்விளநீர் என்கிறோம். அப்புறம் அந்த ஸ்பாதிக்ஸ்: காயோடு ஒடித்த பேரீச்ச மடல் என்று பொருள். பழுத்தும் பழுக்காமலும் இருக்கும் பேரீச்சையின் மினுமினுப்பான சிவப்பு அது. நிறத்தின் பெயராக அது செத்துப்போனது. மடலின் பெயராகப் பிழைத்துக்கொண்டது. இன்று தாவரவியல் புத்தகத்தில் தென்னம்பாளைக்குள் இருக்கும் பூங்கொத்துக்கு 'ஸ்பேடிக்ஸ்' என்று பெயர்.

அந்தக் கூட்டத்தில் ஆங்கிலத்துக்கு அதிகம் வாரி வழங்கியவை இவை:

1. ருபெர்: பொதுவான சிவப்பு. செங்கடலுக்கு 'மாரே ருப்ரும்'. அந்தப் பெயரை ரோமானியர்கள் இந்தியப் பெருங்கடல் வரைக்கும் இழுத்தார்கள். முசிறிக்கு மிளகு வாங்க வந்த கப்பல்கள் அவர்கள் கணக்கில் செங்கடலில்தான் மிதந்தன. இதிலிருந்து கிளைத்த 'ரூபெயுஸ்' வழியாகவும் பல சொற்கள் வந்தன.
2. ரூஃபுஸ்: பெரும்பாலும் முடியின் சிவப்பு. நாம் 'செவலை' என்று மாட்டையும் நாயையும் சொல்வோம், சேலையைச் சொல்ல மாட்டோம் இல்லையா, அந்த மாதிரி. ருபெர் மாதிரி 'ப' இல்லாமல் இதில் 'ஃப' இருப்பதற்குக் காரணம், ரோமைச் சுற்றியிருந்த அண்டை மொழிகளில் அந்தப் பழைய ஒலி 'ஃப' ஆகத் திரிந்ததுதான். அக்கம்பக்கத்து ஊர்க்காரனின் சொல் ரோமுக்குள் வந்து தங்கிவிட்டது.
3. ருஸ்ஸுஸ்: மங்கிய சிவப்பு. ரோமின் தேர்ப்பந்தயத்தில் சிவப்பு அணிக்கு இந்தச் சொல்தான்.
4. ருட்டிலுஸ்: தகதகக்கும் பொன்சிவப்பு.
5. ரோபூர், ரோபிகோ: ஒன்று செந்நிற வைரம் பாய்ந்த ஓக் மரம், மற்றது துரு. 'ரோபஸ்ட்' முதலாவதிலிருந்து வந்தது. ஒரு சாட்சி சொன்னதை இன்னொரு சாட்சி உறுதிப்படுத்தினால் வக்கீல்கள் 'கரோபரேஷன்' என்பார்களே, அதுவும் அங்கிருந்துதான். ரோபிகோ இரும்புத் துரு மட்டுமல்ல, கோதுமைப் பயிரைத் தாக்கும் துருநோயும்கூட. அது வரக்கூடாது என்று ரோமானியர்கள் ஏப்ரல் 25ஆம் தேதி ஒரு நாயைப் பலி கொடுத்து விழா எடுத்தார்கள்.

வந்த வாசல்கள்

இந்தச் சொற்கள் ஆங்கிலத்துக்குள் இரண்டு வாசல் வழியாக வந்தன. 1066இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்தபின் பிரெஞ்சு வழியாக வந்தவை ஒரு வகை. இவை மக்கள் வாயில் புரண்டு உருமாறியவை. பின்னாளில் மருத்துவர்களும் விஞ்ஞானிகளும் நேரடியாக லத்தீன் அகராதியிலிருந்து எடுத்தவை இன்னொரு வகை. இவை கசங்காமல் மடிப்புக் கலையாமல் இருக்கும்.

முதல் வாசலுக்கு 'ரூஜ்' நல்ல உதாரணம். ரூபெயுஸ் எப்படி ரூஜ் ஆகும் என்று கேட்டால், 'ரேபிஸ்' எப்படி 'ரேஜ்' ஆனதோ அப்படித்தான். வெறிநாய்க்கடி நோயின் பெயரும் கடுங்கோபத்துக்கான ஆங்கிலச் சொல்லும் ஒரே லத்தீன் சொல். ஒன்று அகராதியிலிருந்து வந்தது, மற்றது பிரெஞ்சுக்காரர் வாயிலிருந்து வந்தது. ரூபி என்ற மாணிக்கக் கல் இடைக்கால லத்தீனின் 'ரூபினுஸ்'.

ருஸ்ஸுஸ் பிரெஞ்சில் 'ரூ' ஆனது. வெண்ணெயில் மாவைச் சிவக்க வறுத்துக் குழம்பைக் கெட்டியாக்கும் அந்தக் கலவைக்குச் சமையல்காரர்கள் சொல்லும் 'ரூ' இதுதான். 'சின்னச் சிவப்பு' என்ற பொருளில் 'ரஸ்ஸெட்': ஏழைகள் உடுத்திய முரட்டுக் கம்பளித் துணி. 1363இல் இங்கிலாந்தில் உழவர்களும் வண்டியோட்டிகளும் இந்த மாதிரித் துணிக்கு மேல் உடுத்தக்கூடாது என்று சட்டமே போட்டார்கள். செம்பட்டைத் தலையர்களுக்கு வைத்த பட்டப்பெயர்தான் 'ரஸ்ஸல்'. நம் ஊர்க் கண்ணாடி விரியனை ஆங்கிலத்தில் ரஸ்ஸல்ஸ் வைப்பர் என்கிறோம். சோழமண்டலக் கரைப் பாம்புகளை ஆராய்ந்த பேட்ரிக் ரஸ்ஸல் என்ற மருத்துவரின் நினைவாக வைத்த பெயர். பாம்பு பழுப்புதான்; செம்பட்டைத் தலை அந்த மருத்துவரின் மூதாதை யாருக்கோ.

ரூபெல்லாவும் ரூபியோலாவும்

இப்போது தடுப்பூசி அட்டைக்கு வரலாம். இரண்டாவது வாசல் வழியாக வந்த சொற்களில் அதிகத் தொல்லை தருபவை இவைதான். 'ரூபெல்லா'வில் இருக்கும் 'எல்லா', 'ரூபியோலா'வில் இருக்கும் 'ஓலா' இரண்டும் சிறுமையைக் காட்டும் விகுதிகள். ஆக ரூபெல்லா என்றாலும் 'சின்னச் சிவப்பு', ரூபியோலா என்றாலும் 'சின்னச் சிவப்பு'. பெயரை எவ்வளவு உரித்துப் பார்த்தாலும் வித்தியாசம் கிடைக்காது. உடம்பில் சிவந்த தடிப்பு வருகிறது என்பதற்கு மேல் அவை எதுவும் சொல்லவில்லை.

வரிசையாகப் பார்ப்போம்.

1. இடைக்கால மருத்துவ லத்தீனில் சிவந்த தடிப்புக் காய்ச்சல்களுக்கு 'ரூபியோலா' பொதுவாகப் புழங்கியது.
2. தட்டம்மையைப் போலவே தோன்றினாலும் இலேசான ஒரு நோய் தனியாக இருக்கிறது என்று 18ஆம் நூற்றாண்டு ஜெர்மன் மருத்துவர்கள் பிரித்துக் காட்டினார்கள். அவர்கள் மொழியில் அதற்கு 'ரோட்டெல்ன்'. அதுவும் சிவப்பிலிருந்து வந்த பெயர்தான். ரூபெல்லாவுக்கு உள்ள 'ஜெர்மன் மீசில்ஸ்' என்ற இன்னொரு பெயருக்கு இதுவே பின்னணி.
3. 1866இல் ஹென்றி வீல் என்ற பிரிட்டிஷ் ராணுவ மருத்துவர், இந்தியாவில் தான் பார்த்த நோயாளிகளைப் பற்றி எழுதும்போது, அந்த ஜெர்மன் பெயர் ஆங்கில நாக்குக்குக் கரடுமுரடாக இருக்கிறது என்று 'ரூபெல்லா'வை முன்மொழிந்தார். நிலைத்துவிட்டது.
4. ஆனால் 'ரூபியோலா' ஆங்கிலத்தில் ஒரு பக்கம், பிற ஐரோப்பிய மொழிகளில் மறுபக்கம் சாய்ந்தது. ஆங்கிலத்தில் ரூபியோலா என்றால் தட்டம்மை. ஸ்பானிய மொழியில் அதே சொல் ரூபெல்லாவைக் குறிக்கிறது. பிரெஞ்சில் ரூபெல்லாவுக்கு 'ரூபியோல்', தட்டம்மைக்கு 'ரூஜோல்'. இரண்டும் சிவப்புதான்!

தேடல் முடிவுகள் ஒன்றோடொன்று முரண்படுவது இந்த நான்காவது காரணத்தால். பக்கம் எந்த மொழியிலிருந்து வந்தது என்று பார்க்காமல் ரூபியோலா என்ற சொல்லை நம்பக்கூடாது.

நோய்கள் இரண்டும் வேறு, வைரஸ் குடும்பங்களும் வேறு. தட்டம்மை குழந்தைக்கே ஆபத்து. நிமோனியா வரை கொண்டுபோய் விடும். ரூபெல்லா குழந்தைக்கு வந்தால் பெரும்பாலும் இலேசாகப் போய்விடும். கர்ப்பத்தின் தொடக்க மாதங்களில் தாய்க்கு வந்தால்தான் விபரீதம். 1941இல் ஆஸ்திரேலியக் கண் மருத்துவர் நார்மன் கிரெக், பிறவியிலேயே கண்புரையோடு வந்த குழந்தைகளின் தாய்மார்களுக்குக் கர்ப்ப காலத்தில் ரூபெல்லா வந்திருந்ததைக் கவனித்துச் சொன்னார். 'சின்னச் சிவப்பு' என்று செல்லப் பெயர் வைத்த நோய் சின்னது இல்லை என்று உலகத்துக்குத் தெரிந்தது அப்போதுதான். அந்த ஊசியை ஆண் குழந்தைகளுக்கும் ஏன் போடுகிறார்கள் என்று கேட்பவர்களுக்கும் பதில் இதில் இருக்கிறது: நோயைக் கர்ப்பிணியிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பவர் யாராகவும் இருக்கலாம்.

சிவப்பு மை, ஈயச் செந்தூரம், மினி பஸ்

'ரூப்ரிகா' என்றால் செம்மண், காவிக்கல். ரோமில் சட்டங்களின் தலைப்புகளைச் சிவப்பில் எழுதியதால் சட்டத் தலைப்புக்கே ரூப்ரிகா என்று பெயரானது. இடைக்காலக் கையெழுத்துப் பிரதிகளில் ஒருவர் கறுப்பு மையில் எழுதிக்கொண்டே போவார், தலைப்புக்கும் முதலெழுத்துக்கும் இடம் விட்டுவைப்பார். அப்புறம் இன்னொருவர் வந்து சிவப்பில் நிரப்புவார். தேவாலயப் பூசைப் புத்தகங்களில் கறுப்பில் இருப்பது குருவானவர் சொல்ல வேண்டியது, சிவப்பில் இருப்பது செய்ய வேண்டியது. அங்கிருந்து 'ரூப்ரிக்' என்றால் விதிமுறை என்ற பொருள் வந்து, கடைசியில் ஆசிரியர்கள் மதிப்பெண் போட வைத்திருக்கும் அளவுகோல் அட்டவணைக்குப் பெயராகிவிட்டது. பள்ளிகள் அனுப்பும் ரூப்ரிக் தாள்கள் இப்போது கறுப்பில்தான் அச்சாகின்றன. பண்டிகை நாள்களைச் சிவப்பில் குறிக்கும் அந்தப் பழைய ஐரோப்பிய வழக்கம் மட்டும் வேறொரு இடத்தில் உயிரோடு இருக்கிறது: சுவரில் தொங்கும் தினசரி காலண்டரில் ஞாயிறும் விடுமுறையும் சிவப்பு.

அந்தப் பிரதிகளில் சிவப்புக்குப் பயன்பட்ட இன்னொரு பொருள் 'மினியும்'. முதலாம் நூற்றாண்டு ரோமானிய எழுத்தாளர் பிளினியின் காலத்தில் அது சாதிலிங்கத்தைக் குறித்தது; பாதரசமும் கந்தகமும் சேர்ந்த கனிமம். ஸ்பெயினிலிருந்து ரோமுக்கு வந்தது. கண்டபடி விலை ஏறக்கூடாது என்று ஒரு பவுண்டுக்கு 70 செஸ்டர்ஸ் நாணயங்கள் என அரசே உச்சவிலை வைத்திருந்தது. வீட்டுச் சுவரில் அதைப் பூசும் ஓவியர்கள் தூரிகையை அடிக்கடி தண்ணீரில் அலசுவார்களாம். சாயம் அடியில் படியும், வேலை முடிந்ததும் அதை வீட்டுக்கு எடுத்துப் போய்விடலாம். முதலாளி தலையில் விழுந்த இந்தத் திருட்டையும் பிளினி விட்டுவைக்காமல் எழுதியிருக்கிறார். பிற்காலத்தில் மினியும் என்ற பெயர் விலை குறைந்த ஈயச் செந்தூரத்துக்கு மாறியது. ஈயத்தைக் காற்றில் வறுத்து எடுக்கும் பொடி அது.

மினியும் பூசுவது லத்தீனில் 'மினியாரே'. அப்படிச் சிவப்பிட்டு அலங்கரித்த பிரதியில் இருக்கும் படம், இத்தாலிய மொழியில் 'மினியாத்துரா'. ஆங்கிலத்தில் மினியேச்சர். இதில் 'சிறிய' என்ற பொருளே இல்லை. ஆனால் புத்தகப் பக்கத்தில் வரைந்த படங்கள் சிறியவையாகவே இருந்தன. 'மினிமம்', 'மைனர்' போன்ற லத்தீன் சொற்களின் ஓசையும் காதில் ஒலித்தது. இரண்டும் சேர்ந்து மினியேச்சர் என்றால் சிறியது என்றாகிவிட்டது. பிறகு அதன் வாலை வெட்டி 'மினி' என்ற முன்னொட்டு பிறந்தது. மினி பஸ், மினி டிபன், மினி லாரி எல்லாவற்றின் நெற்றியிலும் ஈயச் செந்தூரம் இருக்கிறது. இந்தக் கட்டுரையில் உள்ள சொற்களிலேயே நிறத்தை முழுசாகத் தொலைத்தது இதுதான்.

புழுவும் காயும்

மத்தியதரைக்கடல் பக்கம் ஒருவகை ஓக் மரத்தில் ஒட்டி வாழும் கெர்மஸ் என்ற பூச்சி உண்டு. பெண் பூச்சி அசையாமல் உருண்டையாக, பார்க்கச் சின்னக் காய் மாதிரியே இருக்கும். காய வைத்து அரைத்தால் அருமையான சிவப்புச் சாயம். நம்மிடம் அரக்கு நிறம் என்று சேலைக்குச் சொல்வதும் ஒரு பூச்சி தந்த பெயர்தானே. கெர்மஸைப் பார்த்தவர்களில் காய் என்று நினைத்தவர்களும் உண்டு, புழு என்று கண்டவர்களும் உண்டு. ஆங்கிலத்தில் இரு சாராரின் சொற்களும் இருக்கின்றன.

காய்க் கட்சி: கிரேக்கத்தில் காய்க்கு 'கொக்கோஸ்', லத்தீனில் சாயத்துக்குக் 'கொக்கும்', அதன் சிவப்புக்குக் 'கொக்கினெயுஸ்'. இட்லிப் பூ என்கிற வெட்சிக்குத் தாவரவியல் பெயர் 'இக்ஸோரா கொக்கினியா', அதாவது சிவந்த இக்ஸோரா. அதே கிரேக்கக் காய்தான் உருண்டையான பாக்டீரியாக்களுக்கும் பெயரானது. தடுப்பூசி அட்டையில் இருக்கும் நியூமோகாக்கல் ஊசி அந்த வழி. தானியம் என்று நினைத்தவர்கள் லத்தீனில் 'கிரானும்' என்றார்கள். அந்தச் சாயத்தில் தோய்த்தால் வெளுக்காது என்பதால் ஆழமாக ஊறிப்போனதை ஆங்கிலத்தில் 'இன்கிரெயின்ட்' என்கிறார்கள்.

புழுக் கட்சி: லத்தீனில் சின்னப் புழு 'வெர்மிகுலுஸ்'. பிரெஞ்சு வழியாக 'வெர்மிலியன்'. பூச்சிச் சாயத்தின் பெயர் பிறகு சாதிலிங்கப் பொடிக்குப் போனது. 2025 மே மாதம் 'ஆபரேஷன் சிந்தூர்' செய்தியில் வந்தபோது, ஆங்கில ஊடகங்கள் சிந்தூர் என்பதை வெர்மிலியன் என்று விளக்கின. சொல்லளவில் பார்த்தால் நெற்றித் திலகத்துக்குப் புழுவின் பெயர். பொருளளவில் சிந்தூரம், ஈயச் செந்தூரமாகவோ சாதிலிங்கமாகவோ இருந்த வடநாட்டுப் பொடி. மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்த்துச் செய்யும் நம் குங்குமம் வேறு. ஆங்கிலம் இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போடுகிறது.

இதே பூச்சியின் அரபுப் பெயரிலிருந்து 'கிரிம்சன்', 'கார்மைன்' என்ற சிவப்புப் பெயர்கள் இரண்டும் வந்தன. அந்த அரபுச் சொல் பாரசீகத்தின் 'கிர்ம்' என்ற புழுவிலிருந்து வந்தது. சமஸ்கிருதத்தில் அதன் உடன்பிறப்பு 'க்ருமி', தமிழில் கிருமி. கார்மைனில் 'மினியும்' என்ற சொல்லும் ஒட்டிக்கொண்டு 'கார்மினியும்' என்று இடைக்கால லத்தீனில் ஒரு கலப்புச் சொல் உருவானது. இன்று கார்மைனைத் தருவது மெக்சிகோவிலிருந்து வந்த கொச்சினீல் பூச்சி. உணவுப் பொட்டலத்தின் பின்பக்கம் பொருள் பட்டியலில் நிறமூட்டி ஐ.என்.எஸ். 120 என்று இருந்தால் அது இதுதான். சைவம் மட்டும் சாப்பிடுபவர்கள் அந்த எண்ணை ஞாபகம் வைத்துக்கொள்வது நல்லது.

செடியிலிருந்து வந்த சிவப்பும் ஒன்று உண்டு: 'ரூபியா', வேரில் சாயம் தரும் கொடி. நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் மஞ்சிட்டி அதே பேரினம். அந்தக் குடும்பத்துக்கே ரூபியேசி என்று பெயர். வெட்சி, நுணா, காப்பி, சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறிய துணிகளைச் சிவக்க வைத்த சாயவேர் எல்லாம் அதில் அடக்கம்.

ஆய்வகத்துச் சிவப்புகள்

விஞ்ஞானிகள் அகராதியிலிருந்து நேராக எடுத்தவை செய்தியில் அடிக்கடி வருகின்றன. மூன்று மட்டும் இங்கே.

1. ரூபிடியம். 1861இல் ஹைடல்பெர்க்கில் புன்சனும் கிர்க்காஃபும் ஒரு கனிமத்தின் ஒளியை நிறமாலைமானியில் பிரித்துப் பார்த்தபோது, அதுவரை தெரியாத இரண்டு அடர்சிவப்புக் கோடுகள் தெரிந்தன. ஃப்ரோன்டோ பட்டியலில் வந்த 'ருபிதுஸ்' என்ற சொல்லை எடுத்துப் பெயர் வைத்தார்கள். உலோகம் வெள்ளி மாதிரி வெளுப்பு. நொடிக்குச் சுமார் 683 கோடி முறை துடிக்கும் அதன் அணுவின் அலைவை வைத்து ரூபிடியம் அணுக் கடிகாரம் செய்கிறார்கள். இந்தியாவின் ஐ.ஆர்.என்.எஸ்.எஸ். 1ஏ என்ற வழிகாட்டும் செயற்கைக்கோளில் கெட்டுப்போனதாகச் செய்தி வந்தது இந்தக் கடிகாரங்கள்தான். 2023 மே 29 அன்று ஏவிய என்.வி.எஸ். 01இல் உள்நாட்டிலேயே செய்த ரூபிடியம் கடிகாரம் முதன்முறையாகப் போனது.

2. ரூட்டைல். தாது மணல் செய்திகளில் இல்மனைட், கார்னெட், சிர்கான், மோனசைட் என்ற வரிசையில் வரும் பெயர். ஒளி ஊடுருவும்போது ஆழ்ந்த சிவப்பாகத் தெரிவதால் வெர்னர் என்ற ஜெர்மன் கனிமவியலாளர் ருட்டிலுஸிலிருந்து இதற்குப் பெயர் வைத்தார். கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சியில் கடல் மணலிலிருந்து பிரித்தெடுக்கிறார்கள். உள்ளே இருப்பது டைட்டானியம் டை ஆக்சைடு. உலகத்தின் வெள்ளை பெயின்டுக்கு வெண்மை தருவது அதுதான். வெல்டிங் பட்டறையில் '6013 ராடு' என்று கேட்டு வாங்குகிறார்களே, அதன் மேற்பூச்சிலும் ரூட்டைல் உண்டு. கூடவே வரும் கார்னெட்டின் பெயரை மாதுளையோடு சேர்த்துச் சொல்வார்கள். லத்தீனில் 'கிரானாத்தும்' என்றால் மணிகள் நிறைந்த பழம். மணலில் அது அதிகம் சேர்ந்த இடம் மாதுளை முத்து உதிர்ந்தாற்போல் சிவந்திருக்கும்.

3. பிலிரூபின். 'பிலிஸ்' பித்தம், 'ருபெர்' சிவப்பு. பிரித்தெடுத்த படிகம் செம்மஞ்சள். உடம்பில் அளவு கூடினால் கண்ணும் தோலும் மஞ்சளாகும். மஞ்சள் காமாலைக்குச் சோதனை எழுதிக்கொடுத்து, மருத்துவர் முடிவுத் தாளில் முதலில் பார்க்கும் எண்ணின் பெயருக்குள் ஒரு சிவப்பு ஒளிந்திருக்கிறது.

சிவப்பு மாதிரித் தெரிந்தும் சிவப்பில்லாதவை

ஓசையை மட்டும் நம்பி உறவு கொண்டாடினால் இடறும் இடங்களும் உண்டு. 'ரப்பர்' ருபெரிலிருந்து வரவில்லை; பென்சில் எழுத்தைத் தேய்த்து அழிக்கப் பயன்பட்டதால் தேய்ப்பதற்கான ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது. 'ருபீ', அதாவது ரூபாய், சமஸ்கிருதத்தில் வெள்ளியைக் குறிக்கும் 'ரூப்ய'. 'ராபர்ட்' பழைய ஜெர்மானியப் பெயர், புகழால் ஒளிர்பவன் என்று பொருள்; ரோபூர் என்ற ஓக் மரத்தோடு சம்பந்தம் இல்லை. தாவரங்களில் நடக்கும் ஒளிச்சேர்க்கையில் வரும் 'ரூபிஸ்கோ' என்ற நொதியின் பெயர் வெறும் சுருக்கெழுத்து. 'ரோஸ்' என்ற ரோஜாவோ, லத்தீனுக்கே கிழக்கிலிருந்து வந்த இரவல் சொல். சிவப்புக்கு எல்லோரும் முதலில் காட்டும் பூ அது. சிவப்பு வேருக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.